வீட்டில் சுடும் தையாக்கியின் தோல் ஏன் துவண்டுவிடுகிறது?

கேட்டவர் எழுதியதன் சாரம் இது. மீன் வடிவ அச்சு ஒன்றை வாங்கி, வெவ்வேறு காணொளிகளில் சொன்ன அளவுகளின்படி பயற்றுப் பூரணம் அடைத்து மீன் உருவில் சுடும் ஜப்பானியப் பணியாரமான தையாக்கி செய்து பார்த்திருக்கிறார். நிறம் அழகாக வருகிறது, ஆனால் தட்டில் வைத்த சிறிது நேரத்தில் தோல் துவண்டுவிடுகிறது. உள்ளே வைத்த பயற்றுப் பூரணம் ஓரங்களில் கசிந்து அச்சில் கருகி ஒட்டுகிறது. மாவில் எதைக் கூட்டிக் குறைக்க வேண்டும், பூரணத்துக்கு ஜப்பானில் பயன்படுத்தும் அசுகி என்னும் சிறு சிவப்புப் பயறு கிடைக்காவிட்டால் காராமணி போதுமா, முட்டை இல்லாமல் செய்ய முடியுமா என்று கேட்கிறார். கேள்வி மாவின் அளவைப் பற்றியதாக இருந்தாலும், அவர் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணம் தண்ணீர்தான்: மாவிலும் பூரணத்திலும் உள்ள நீரில் எவ்வளவு அடுப்பின் மேலேயே வெளியேறுகிறது, எவ்வளவு உள்ளே தங்கிப் பின்னர் தோலை நனைக்கிறது என்பதே விஷயம். ஜப்பானில் வசித்த காலத்தில் ஓர் இனிப்புக் கடையின் அடுக்களையில் வேலை செய்தவன், இப்போது பேக்கரி வேலை கற்பிப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியவற்றையும் என் கைப்பழக்கத்தில் மட்டும் கண்டவற்றையும் அந்தந்த இடத்தில் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் எந்தத் தையாக்கியை மனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஜப்பானிலேயே இது ஒரே பண்டம் அல்ல. எடோ காலத்திலிருந்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) விற்கப்பட்டுவந்த இமகவாயாக்கி என்னும் வட்டமான, பயறு அடைத்த பணியாரத்திலிருந்து பிறந்ததுதான் தையாக்கி. டோக்கியோவின் அசாபு ஜூபான் பகுதியில் 1909ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நானிவாயா என்னும் கடை, தன் வட்டப் பணியாரம் விற்காததால் வேறு வடிவங்களை முயன்று, கடைசியில் தாய் என்னும் செந்நிறக் கடல்மீனின் வடிவத்துக்கு வந்தது என்று அந்தக் கடையின் வரலாறு சொல்கிறது. திருமணத்திலும் புத்தாண்டிலும் பரிமாறப்படும் விலை உயர்ந்த மீன் அது. சாதாரண மக்கள் சில்லறைக் காசுக்கு அதன் உருவத்தையாவது வாங்க முடிந்தது. இந்தக் கடையையும், நிங்யோச்சோவில் உள்ள யனாகியாவையும், யோட்சுயாவில் உள்ள வாகாபாவையும் சேர்த்து டோக்கியோவின் மூன்று பெரிய தையாக்கிக் கடைகள் என்று குறிப்பிடுவது வழக்கம்.

இந்தப் பழைய கடைகளில் ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனி இரும்பு அச்சு உண்டு. நீண்ட கைப்பிடியும் கனத்த இரும்புமாக இருக்கும் அந்த அச்சை நெருப்பின் மேல் மாற்றி மாற்றிப் புரட்டிச் சுடுவார்கள். இப்படிச் சுட்டதைக் ‘கடலில் பிடித்த மீன்’ என்றும், ஒரே தகட்டில் பல குழிகள் கொண்ட பெரிய அச்சில் ஒரே நேரத்தில் சுட்டதைப் ‘பண்ணையில் வளர்த்த மீன்’ என்றும் தையாக்கிப் பிரியர்கள் வேடிக்கையாகப் பிரித்துச் சொல்வார்கள். முதல் வகைக்குத் தோல் மெல்லியது, மொறுமொறுப்பானது. இரண்டாவது வகை பொதுவாகத் தடிமனாக, கேக் போல மெதுவாக இருக்கும். இவற்றோடு, மரவள்ளி மாச்சத்துச் சேர்த்துச் செய்யும், வெளுத்த நிறமும் இழுபடும் தன்மையும் கொண்ட வெள்ளைத் தையாக்கியும் உண்டு. கொரியாவில் குளிர்காலத் தெருக்களில் விற்கும் புங்கோப்பாங், ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் 1930களில் அங்கே போய்ச் சேர்ந்த இதன் உறவுதான். இணையக் காணொளிகள் இவை அனைத்தையும் ஒரே பெயரில் காட்டுவதால், மூன்று செய்முறைகளைப் பின்பற்றி மூன்று விதமான விளைவு கிடைப்பதில் வியப்பில்லை. நீங்கள் கேட்பது மெல்லிய மொறுமொறுப்பான தோல் என்பதால், இனி சொல்வதெல்லாம் அந்த முதல் வகையை நோக்கியது.

அச்சிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் வீட்டில் நிகழும் தோல்விகளில் பெரும்பகுதி மாவைக் கலக்கும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. கனத்த வார்ப்பிரும்பு தன்னுள் நிறைய வெப்பத்தைச் சேர்த்துவைக்கும். குளிர்ந்த மாவை ஊற்றியதும் அதன் வெப்பநிலை அதிகம் இறங்காது, ஆகவே மாவின் வெளிப்படலம் உடனே இறுகி உலரத் தொடங்கும். வீட்டு உபயோகத்துக்கு விற்கும் அச்சுகளில் பல, ஒட்டாத பூச்சு பூசிய மெல்லிய அலுமினியத்தால் ஆனவை. அவை விரைவில் சூடாகும், மாவை ஊற்றியதும் அதே வேகத்தில் ஆறிவிடும். இதனால் மாவு முதல் ஒன்றிரண்டு நிமிடம் சுடப்படுவதற்குப் பதிலாக அவிந்துகொண்டிருக்கும். இதற்குத் தீயைப் பெரிதாக்குவது தீர்வாகாது, நடுவில் கருகி வாலும் வாயும் வெளுத்து நிற்கும். மூடிய அச்சை மிதமான தீயில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு நிமிடமாவது காயவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உடனே சீறி மறையும் நிலை வந்த பின்பே மாவை ஊற்ற வேண்டும். அடுப்பின் சிறிய பர்னரைப் பயன்படுத்துங்கள். சுடும் நேரம் முழுவதும் அச்சைச் சற்றுச் சற்று நகர்த்தித் தலைக்கும் வாலுக்கும் நேராகச் சுடர் படும்படி செய்யுங்கள். ஒட்டாத பூச்சு உள்ள அச்சை வெறுமையாகப் பெருந்தீயில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கக் கூடாது. 260 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும்.

வார்ப்பிரும்பு அச்சு வாங்கியிருந்தால் தோசைக்கல்லைப் பழக்குவது போலவே எண்ணெய் தடவிக் காயவைத்துப் பழக்க வேண்டும், சோப்பில் ஊறவைக்கக் கூடாது. எந்த அச்சானாலும் எண்ணெயைத் தூரிகையால் அல்லது துணி முடிச்சால் செதில் கோடுகளுக்குள்ளும் செல்லும்படி தடவுங்கள். கடையில் விற்கும் எண்ணெய்த் தெளிப்பான்கள் ஒட்டாத பூச்சின் மேல் பிசுபிசுப்பான படலமாகத் தங்கிவிடும். அதன் பிறகு அடுத்தடுத்துச் சுடும்போது ஒட்டல் கூடிக்கொண்டே போகும். வெண்ணெயில் உள்ள பால் திடப்பொருள்கள் கருகிக் கரும்புள்ளிகளாக ஒட்டும். நெய்யில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நெய் மணம் ஏறியவுடன் அது வேறொரு பலகாரம் ஆகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம், சுவையில் குறை என்று சொல்லவரவில்லை.

மாவுக்கு வருவோம். ஜப்பானில் இதற்குப் பயன்படும் மென்மையான கோதுமை மாவில் புரதம் சுமார் 8 சதவீதம்தான். நம் கடைகளில் கிடைக்கும் மைதாவில் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக இருக்கும், பாக்கெட்டின் பின்புறத்தில் பார்த்துக்கொள்ளலாம். புரதம் கூடினால் மாவு இழுபட்டு, தோல் மொறுமொறுப்பாக உடையாமல் ரொட்டி போல மெல்லவேண்டியதாகிவிடும். ஆகவே 85 கிராம் மைதாவுடன் 15 கிராம் சோளமாவு என்னும் வெள்ளை மாச்சத்தைச் சேர்த்து 100 கிராமாக்கிக்கொள்ளுங்கள்; பச்சரிசி மாவும் இதே வேலையைச் செய்யும், சற்றுக் கடினமான மொறுமொறுப்புத் தரும். இதற்கு 4 கிராம் பேக்கிங் பவுடர், 15 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு முட்டை, 60 மில்லி தண்ணீர், 50 மில்லி பால், ஒரு தேக்கரண்டி எண்ணெய். உலர்ந்த பொருள்களைச் சலித்து, ஈரப் பொருள்களைத் தனியே அடித்து, இரண்டையும் கட்டி மறையும் அளவுக்கு மட்டும் கலந்து, மூடி, குளிர்பதனப் பெட்டியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். கரண்டியை உயர்த்தினால் மாவு தடையின்றி ஓடி விழ வேண்டும், விழுந்த கோடு இரண்டு மூன்று நொடிகளில் மறைந்துவிட வேண்டும். நடுத்தர அளவு அச்சில் இது ஐந்து அல்லது ஆறு மீனுக்கு வரும்.

இந்த அளவுகளில் மொறுமொறுப்பைத் தீர்மானிப்பவை எவை என்பதை அறிந்துகொண்டால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். பால் கூடினால் நிறம் விரைவில் ஏறும், ஏனெனில் பாலின் சர்க்கரையும் புரதமும் சூட்டில் வினைபுரிந்து சிவக்கும். ஆனால் நிறம் ஏறிவிட்டதே என்று நாம் எடுத்துவிடுவோம், தோல் அதற்குள் உலர்ந்திருக்காது. சர்க்கரை கூடினாலும் இதே கதைதான், தேன் கலந்தால் இன்னும் மோசம், இரண்டுமே காற்றிலிருந்தும் பூரணத்திலிருந்தும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உங்களுக்கு ‘நிறம் நன்றாக வருகிறது, ஆனால் துவண்டுவிடுகிறது’ என்ற நிலை இருப்பதால், நீங்கள் பின்பற்றிய செய்முறையில் பாலும் சர்க்கரையும் அதிகம் என்றே ஊகிக்கிறேன். செய்முறையை நீங்கள் குறிப்பிடவில்லை என்பதால் இது ஊகம் மட்டுமே. ஆப்பச்சோடாவை பேக்கிங் பவுடருக்குப் பதிலாக முழுவதும் பயன்படுத்தினால் காரத்தன்மையால் நிறம் அழுத்தமாகவும் தோல் சற்று மஞ்சளாகவும் வரும், கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடை அடிக்கும். பழைய பாணிக் கடைகள் சிலவற்றில் சோடாவை மட்டுமே பயன்படுத்துவது உண்டு, அவர்களின் கைக்கு அது பழகியது. வீட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

முட்டை இல்லாமல் முடியுமா என்றால், தாராளமாக முடியும். முட்டையும் பாலும் சேர்க்காமல் மாவும் நீரும் மட்டும் கொண்டு மெல்லிய தோலாகச் சுடுவது ஜப்பானிலேயே உள்ள முறைதான். முட்டை தோலுக்கு ஓர் உறுதியையும் உள்ளே பஞ்சுத் தன்மையையும் தருகிறது. அதை விட்டால் பஞ்சுத் தன்மை குறையும், மொறுமொறுப்புக் கூடும், உங்கள் நோக்கத்துக்கு அது நல்லதே. மேலே சொன்ன 100 கிராம் மாவுக்கு முட்டையையும் பாலையும் நீக்கிவிட்டு, 150 மில்லி தண்ணீர், 3 கிராம் பேக்கிங் பவுடர், கத்தி நுனி அளவு ஆப்பச்சோடா, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் என்று தொடங்குங்கள். மைதாவுக்கு மைதா நீர் உறிஞ்சும் அளவு வேறுபடும் என்பதால், கடைசி 20 மில்லியை மாவின் ஓட்டத்தைப் பார்த்துச் சேர்ப்பது நல்லது. முட்டையில்லாத மாவு அச்சில் சற்றுக் கூடுதலாக ஒட்டும், எண்ணெய்த் தூரிகையை ஒவ்வொரு முறையும் ஓட்ட வேண்டும். கோதுமையே இல்லாமல் சிறுதானிய மாவில் செய்வது பற்றிக் கேட்டால், அதில் எனக்குச் சொல்லத்தக்க பழக்கம் இல்லை.

இனி பூரணம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்களுடைய கசிவுக்குக் காரணம் அநேகமாக இங்கேதான் இருக்கிறது. அங்கோ என்னும் இந்தப் பயற்று இனிப்பு, பயற்றை வேகவைத்து அரைத்த விழுது அல்ல. நன்றாக வெந்த பயற்றில் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், ஆனால் ஒவ்வொரு செல்லும் உடையாமல் முழுதாக இருக்கும். உள்ளிருக்கும் மாச்சத்தைச் சுற்றிப் புரதம் உறைந்து அதை வெளியே வரவிடாமல் காக்கும். நல்ல அங்கோ நாக்கில் மணல் போல உதிர்ந்து கரைவது இதனால்தான். மிக்ஸியில் போட்டு நைய அரைத்தால் செல்கள் உடைந்து மாச்சத்து வெளியேறி, பூரணம் பசை போல ஆகிவிடும். பசையான பூரணம் ஈரத்தை ஒழுங்காக விடாது, கிளறக் கிளற அடிப்பிடிக்கும். ஆகவே மத்தாலோ கரண்டியின் முதுகாலோ மசிப்பதே சரி. பருப்பு தெரிய மசித்ததை ட்சுபுவான் என்றும், தோல் நீக்கிச் சலித்ததைக் கோஷியான் என்றும் அழைப்பார்கள். தையாக்கிக்கு முதல் வகையே அதிகம் பயன்படுகிறது, வீட்டில் செய்வதற்கும் அதுவே எளிது.

அசுகி கிடைத்தால் 200 கிராம் எடுத்துக் கழுவி, ஊறவைக்காமலே வேகவைக்கலாம். அதன் தோல் நீரை எளிதில் விடாது, விதைத் தழும்பின் அருகே உள்ள சிறு வாயில் வழியாகவே நீர் உள்ளே போகும், ஆகவே சில மணி நேர ஊறலால் பெரிய பயன் இல்லை. முதல் கொதி வந்து சில நிமிடங்கள் கழித்து அந்த நீரைக் கொட்டிவிடுவார்கள். துவர்ப்பும் கசப்பும் அதோடு போகும். மீண்டும் பயறு மூழ்கும் அளவுக்கு மேல் புதிய நீர் ஊற்றி, சிறு தீயில், நீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வேகவிடுங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து அழுத்தினால் எந்த எதிர்ப்பும் இன்றி நசுங்க வேண்டும். இந்தப் பதம் வரும் முன் சர்க்கரை சேர்க்கவே கூடாது, சேர்த்தால் தோல் இறுகிவிடும், பிறகு எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் மெதுவாகாது. கடினத் தன்மையுள்ள ஆழ்குழாய்க் கிணற்று நீரிலும் பயறு வேக மறுக்கும், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்துத்தான் காரணம். வடிகட்டிய குடிநீரைப் பயன்படுத்துங்கள். குக்கரும் சரியே, ஆனால் பயற்றின் வயதுக்கு ஏற்ப விசில் கணக்கு மாறுவதால் எண்ணிக்கை சொல்லத் துணியமாட்டேன்.

வெந்த பின் நீரை வடித்துவிட்டு, 160 முதல் 200 கிராம் சர்க்கரையை இரண்டு மூன்று தவணையாகச் சேர்த்து, மிதமான தீயில் மரக்கரண்டியால் கிளறுங்கள். சர்க்கரை விழுந்ததும் எல்லாம் நீர்த்துப்போகும், அஞ்ச வேண்டாம். கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிந்து, அந்தக் கோடு மெதுவாகவே மூட வேண்டும். அதுவே இறக்கும் பதம். இறக்கும்போது கால் தேக்கரண்டி உப்புச் சேர்த்து, அகன்ற தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஆறவிடுங்கள், ஆறும்போது இன்னும் இறுகும். இறக்கும் பதத்திலேயே முழு இறுக்கத்தையும் எதிர்பார்த்தால் ஆறிய பின் உதிரியாகிவிடும். சுமார் 500 கிராம் கிடைக்கும். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துச் செய்வது இப்போது பலருக்கும் பிடித்திருக்கிறது. அப்படிச் செய்யலாம், ஆனால் சர்க்கரைதான் நீரைக் கட்டிவைத்திருக்கிறது. அது குறைந்தால் அச்சின் சூட்டில் பூரணம் நீர் விட்டுத் தோலை நனைக்கும், விரைவில் கெட்டும்போகும். குறைக்க விரும்பினால் அதற்கு ஈடாக இன்னும் இறுக்கமாகக் கிளறி எடுக்க வேண்டும்.

காராமணியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில், தயங்காமல் பயன்படுத்துங்கள் என்பதே. அசுகி, காராமணி, பாசிப்பயறு, உளுந்து எல்லாமே ஒரே பேரினத்தைச் சேர்ந்த செடிகள். டோக்கியோ வட்டாரத்தில் விசேஷ நாள்களுக்குச் செய்யும் செகிஹான் என்னும் சிவப்புச் சோற்றில், வேகும்போது தோல் வெடிக்காது என்பதற்காக அசுகிக்குப் பதில் சசாகே என்னும் காராமணியையே சேர்ப்பது மரபு. சிறிய சிவப்புக் காராமணியில் செய்த பூரணம் நிறத்திலும் பதத்திலும் மிக நெருக்கமாக வரும், மணத்தில் மட்டும் பச்சைப்பயற்றின் சாயல் சிறிது இருக்கும். ஆனால் காராமணி நீரை எளிதில் உறிஞ்சும் என்பதால் நான்கு முதல் ஆறு மணி நேரம் ஊறவைப்பது பயன் தரும், வேகும் நேரமும் குறைவு. கடையில் சிவப்புக் காராமணியையே அசுகி என்று விற்பதும் நடக்கிறது. தழும்பைச் சுற்றிக் கருமையான வளையம் இருந்தால் அது காராமணி, வெறும் வெள்ளைக் கோடாக இருந்தால் அசுகி என்று கொள்ளலாம். ராஜ்மா வேறு பேரினம். அதன் வெள்ளை வகைகளிலிருந்து ஜப்பானில் ஷிரோவான் என்னும் வெள்ளைப் பூரணம் செய்கிறார்கள், ஆகவே அதுவும் அந்நியமானதல்ல. சிவப்பு ராஜ்மா எடுத்தால் தோல் தடிப்பு, சலித்தாக வேண்டும். அதோடு இரவு ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும், அரைவேக்காட்டில் அதிலுள்ள நச்சுப் புரதம் வயிற்றைக் கெடுக்கும். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டால் நம் கொழுக்கட்டைப் பூரணத்தின் சுவைக்குப் போய்விடும். அது பிடித்திருந்தால் தடையில்லை, ஒகினாவாவின் கரும்புச் சர்க்கரைக் கட்டியை ஜப்பானியர்களும் இனிப்புகளில் பயன்படுத்துகிறார்கள்.

இனி அடைத்துச் சுடுவது. ஆறிய பூரணத்தை ஒரு மீனுக்கு 35 கிராம் அளவில், அச்சின் நீளத்தைவிட இரண்டு விரல் குறைவான உருளைகளாக முன்பே உருட்டித் தட்டில் அடுக்கிக்கொள்ளுங்கள். கரண்டியால் அள்ளிப் போடுவதுதான் கசிவின் முதல் காரணம், அது எங்கே போய் நிற்கிறது என்பது நம் கையில் இல்லாமல் போகிறது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஜில்லென்ற பூரணத்தை அப்படியே வைக்கக் கூடாது, அறை வெப்பத்துக்கு வர வேண்டும், இல்லையென்றால் அதைச் சுற்றியுள்ள மாவு வேகாமல் களியாக நிற்கும். காய்ந்த அச்சின் ஒரு பக்கத்தில், முதலில் வாலிலும் துடுப்பிலும் தொடங்கி, பாதிக்குச் சற்று மேலாக மாவை ஊற்றி, உருளையை நடுவில் வைத்து, அதை மூடும் அளவுக்கு மட்டும் மேலே மாவு விட்டு, மூடி உடனே திருப்புங்கள். உடனே திருப்பினால்தான் மாவு எதிர்ப்பக்கத்தின் செதில் கோடுகளுக்குள் இறங்கும். பூரணம் அச்சின் விளிம்பைத் தொட்டால் மூடும்போது நசுங்கி வெளியே வரும், அந்தச் சர்க்கரைதான் கருகி ஒட்டுகிறது. விளிம்பைச் சுற்றி ஒரு விரல் அகலம் மாவு மட்டும் இருக்க வேண்டும்.

வாலுக்குள்ளும் பூரணம் இருக்க வேண்டுமா என்பது ஜப்பானில் பழைய வாதம். வாகாபா கடையின் தையாக்கியில் வால் வரை பூரணம் இருப்பதை நாடக விமர்சகர் ஆண்டோ ட்சுருவோ பத்திரிகையில் பாராட்டி எழுத, அது பெரும் பேச்சாகிவிட்டது. வால் என்பது பிடித்துக்கொள்வதற்கும் இனிப்புக்குப் பின் வாயைத் தெளிவாக்குவதற்கும் உரியது, அங்கே பூரணம் வேண்டியதில்லை என்று மறுதரப்பு சொல்லும். வீட்டில் மெல்லிய அச்சில் சுடுபவர்களை நான் மறுதரப்பில்தான் சேர்ப்பேன். வால் பகுதி தட்டையானது, அங்கே பூரணம் வைத்தால் கசியும், வெறும் மாவாக விட்டால் அதுவே மீனின் மிக மொறுமொறுப்பான துண்டாகிவிடும்.

மூடிய பின் மிதமானதைவிடச் சற்றுக் குறைந்த தீயில், ஒரு பக்கம் இரண்டரை முதல் மூன்று நிமிடம், மறுபக்கம் அதே அளவு. முதல் இரண்டு நிமிடத்துக்குள் திறந்து பார்க்காதீர்கள். தோல் இறுகும் முன் திறந்தால் மீன் இரண்டாகப் பிளக்கும், பிளந்த மீனை ஒட்டவைக்க வழியில்லை. இதுவரை சொன்ன நேரங்களை உங்கள் அடுப்பில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், உங்கள் சுடரின் அளவை என்னால் இங்கிருந்து பார்க்க முடியாது. இரண்டு பக்கமும் பொன்னிறமானதும் நான் அச்சைச் சற்றே திறந்து நீராவியை வெளியேற்றி, மீண்டும் மூடி, ஒவ்வொரு பக்கமும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை மிகச் சிறு தீயில் விடுவேன். தோலை உலரவைப்பது இந்தக் கடைசிச் சுற்றுதான் என்பது என் அனுபவத்தில் கண்டது. எல்லாக் கடைகளிலும் இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன், கனத்த இரும்பு அச்சுக்கு இது தேவைப்படாமலும் போகலாம். ஓரங்களில் பிதுங்கி மெல்லிய தகடாக வெந்திருக்கும் மாவைச் சில கடைகள் கத்தரித்துவிடும், சில கடைகள் அப்படியே விடும்; விட்டால் நொறுங்கத் தின்னலாம்.

எடுத்த மீனைத் தட்டில் படுக்கவைத்தால் அடிப்பக்கம் தன் ஆவியிலேயே வியர்த்துத் துவண்டுவிடும், கம்பித் தட்டின் மேல் வையுங்கள், முடிந்தால் முதுகு மேலாக நிற்கவையுங்கள். டப்பாவில் மூடுவதோ ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதோ கூடாது. இங்கே ஓர் எதிர்பார்ப்பையும் திருத்திக்கொள்ள வேண்டும். பூரணத்தில் நீர் இருக்கும்வரை அது தோலுக்கு நகர்ந்துகொண்டேதான் இருக்கும், டோக்கியோவில் வாங்கிய மீனும் காகிதப் பையில் வீடு வந்து சேர்வதற்குள் மெதுவாகிவிடும். அங்கே வாங்கியவர்கள் பையின் வாயைத் திறந்தே வைத்திருப்பதும், கடை வாசலிலேயே நின்று தின்பதும் இதனால்தான். பத்துப் பதினைந்து நிமிடம் மொறுமொறுப்பு நின்றால் நீங்கள் சரியாகச் சுட்டிருக்கிறீர்கள்.

மற்றவை சுருக்கமாக. தூண்டல் (இண்டக்ஷன்) அடுப்பில் அலுமினிய அச்சு சூடாகாது, அடியில் இரும்புத் தகடு பதித்ததாகவோ இரண்டு முகமும் தட்டையான வார்ப்பிரும்பாகவோ இருக்க வேண்டும். மின்சாரத் தையாக்கி இயந்திரங்களில் தோல் பொதுவாக மெதுவாகவே வரும், விளக்கு அணைந்த பின்னும் ஒரு நிமிடம் கூடுதலாக விட்டுப் பாருங்கள். கஸ்டர்டு வைப்பதானால் சோளமாவு கூட்டி, கரண்டியில் நிற்கும் அளவுக்கு இறுக்கமாகக் காய்ச்சி ஆறவைத்தது வேண்டும், அதை அன்றே தின்றுவிட வேண்டும். சாக்லேட் பசை உருகி ஓடும் என்பதால் முதலில் உருண்டைகளாக உறையவைத்து, பூரணத்தில் பாதி அளவே வையுங்கள். அச்சே இல்லாதவர்கள் பணியாரக் கல்லில் இதே மாவையும் பூரணத்தையும் ஊற்றிச் சுடலாம், அப்போது கிடைப்பது தையாக்கியின் முன்னோரான அந்த வட்டப் பணியாரத்துக்கு நெருக்கமானது. மிஞ்சிய பூரணம் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும். சுட்டு ஆறிய மீன்களைத் தனித்தனியே சுற்றி உறைபெட்டியில் ஒரு மாதம் வரை வைக்கலாம். தின்னும்போது மைக்ரோவேவில் அரை நிமிடம் உள்ளே சூடாக்கி, பிறகு எண்ணெய் விடாத தவாவில் சிறு தீயில் இரண்டு பக்கமும் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்தால் தோல் மீண்டும் மொறுமொறுப்பாகும். மைக்ரோவேவோடு நிறுத்திக்கொண்டால் தோல் ரப்பராகத்தான் இருக்கும்.